இரண்டு மணிக் கச்சேரிக்குப் போங்கள்

சென்னை டிசம்பர் இசை சீசனுக்கு முதல் தடவையாகப் போக நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "யார் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கலாம்?" முதலில் டிக்கெட்டே வேண்டாத கச்சேரிக்குப் போங்கள் என்பேன். நண்பகலிலிருந்து நாலு மணி வரைக்கும் சபாக்கள் இளம் கலைஞர்களுக்கு ஒதுக்குகிற நேரம் இருக்கிறதே, அதற்கு. இந்த மதிப்புரை அந்தப் பகல் கச்சேரிகளைப் பற்றியது. அரங்கம் எப்படி, ஒலி எப்படி, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் வரும். ஆனால் மேடையில் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எனக்கு ராயப்பேட்டைப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஷிப்ட். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்தி, மாதிரிகளை மெஷினில் ஏற்றி, ரிப்போர்ட் சரிபார்த்து அனுப்பினால் மதியத்தோடு என் நாள் முடிந்துவிடும். அங்கிருந்து சபாக்கள் இருக்கிற டி.டி.கே. சாலைக்கும் லஸ்ஸுக்கும் பக்கம்தான். மாலைக் கச்சேரிக்கு இருந்தால் வில்லிவாக்கம் திரும்ப நேரமாகிவிடும். அதனால் மதியக் கச்சேரியில்தான் நான் கேட்கவே கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் கர்நாடக சங்கீதம் கேட்கிற பழக்கம் கிடையாது. அப்பாவுக்குக் கோயில் கொடையில் நையாண்டி மேளம் வேண்டும், தவில் வேண்டும். அந்தத் தாள ஆசை எனக்கு அவரிடமிருந்து வந்தது. ராகம் பிடிபட வருடங்கள் ஆயின. தாளம் மட்டும் முதல் நாளே கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனது. "நமக்கெல்லாம் அங்கே என்ன வேலை" என்று தயங்குகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மதியம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பட்டுப்புடவை வேண்டாம், பாட்டு தெரிந்திருக்க வேண்டாம். நான் யூனிஃபார்ம் மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு போவேன்.

சீசன் எப்படி வந்தது என்பது சின்னக் கதை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதோடு சேர்த்து ஒரு அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. வருடா வருடம் டிசம்பரில் மாநாடும் கச்சேரியும் என்று வழக்கமாகி, மற்ற சபாக்களும் அதே மாதத்தில் விழா வைக்க, இன்றைக்கு ஊர் முழுக்க ஒரே சமயத்தில் பாட்டு. இசைக்கான படைப்பாக்க நகரம் என்று 2017-ல் யுனெஸ்கோ சென்னைக்குப் பெயர் கொடுத்ததற்கு இந்த மரபுதான் காரணம்.

இந்த விழாவுக்குள் ஒரு ஏணி இருக்கிறது. மதியம் ஜூனியர், நாலு மணி வாக்கில் அடுத்த படி, ஆறரை ஏழுக்கு மேல் பெரியவர்கள். இன்று மாலையில் அரங்கை நிரப்புகிற பெரும்பாலானவர்கள் ஒரு காலத்தில் மதியம் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடியவர்கள். அகாடமியில் ஜூனியர் கச்சேரிகளில் நன்றாகச் செய்தவர்களுக்குப் பரிசும் கொடுக்கிறார்கள். ஆக, மேடையில் உட்காரும் பிள்ளைக்கு அந்த ஒன்றரை மணி நேரம் ஒரு பரீட்சை. யாருமே அதைச் சும்மா பாடிவிட்டுப் போவதில்லை. கட்டணக் கச்சேரியில் சில சமயம் எனக்குக் கிடைக்காத தீவிரம் இங்கே தினமும் கிடைக்கிறது.

ஒன்றரை மணி நேரம் என்பது எவ்வளவு இறுக்கமான அளவு என்று யோசித்துப் பாருங்கள். வர்ணத்தில் ஆரம்பித்து, விறுவிறுப்பான சின்ன உருப்படிகள், பிறகு விரிவான ஒரு ராகம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம், கடைசியில் சின்னப் பாட்டுகளான துக்கடா, மங்களம் என்கிற இன்றைய கச்சேரி அமைப்பை உருவாக்கியவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். அந்த அமைப்பு மூன்று, நாலு மணி நேரம் விரிந்து உட்காருவதற்கு ஏற்றது. அதைத் தொண்ணூறு நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். வர்ணத்தை ஒரு காலத்தோடு, அதாவது ஒரே வேகத்தோடு நிறுத்துவதா, இரண்டு காலமும் பாடுவதா? நடுவில் ஒரு ராகத்தைக் கோடி காட்டிவிட்டுப் போவதா? ஒரே வரியைப் பல விதமாக விரிக்கிற நிரவலுக்குப் போனால், ஸரிகம என்று கற்பனையாகப் பாடுகிற ஸ்வரத்துக்கு நேரம் இருக்குமா? இதையெல்லாம் முன்கூட்டியே எடை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மேடையிலேயே முடிவெடுக்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும்.

போன சீசனில் மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கம். முப்பது, நாற்பது பேர் இருந்திருப்போம். திரை விலகுவதற்கு முன்பே நான் பக்கவாட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன், அங்கிருந்து மிருதங்கம் வாசிக்கிறவரின் கை நன்றாகத் தெரியும் என்பதால். மிருதங்கம் வாசிக்க வந்த பையன் ஒரு சின்ன டப்பாவிலிருந்து ரவையை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தான். கொழகொழவென்று ஆனதும் தொப்பி என்கிற இடது பக்கத் தோலின் நடுவில் அப்பி, பெருவிரலால் வட்டமாகத் தேய்த்துப் பரத்தினான். ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டான். இன்னும் ஒரு துளி ரவை. மறுபடி ஒரு தட்டு. அந்தப் பக்கத்தின் கும்மென்ற நாதம் இந்த ரவை அளவில் இருக்கிறது. அப்புறம் வலது பக்கமான வலந்தலைக்குத் திரும்பி, கல்லும் கட்டையுமாக விளிம்பை மேலும் கீழும் தட்டித் தட்டி, சுற்றிலும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தான். பக்கத்தில் கடம் வாசிக்கிறவர் துணியைப் பிரித்து இரண்டு கடங்களை எடுத்து, தம்பூராவோடு ஒத்துப் பார்த்து, ஒன்றைப் பிரிமணையில் வைத்தார். சுட்ட மண்ணை முறுக்கிச் சுருதி ஏற்ற முடியாதே, அதனால் சுருதிக்கு ஒரு கடம் சுமந்து வர வேண்டும். மானாமதுரை மண்ணில் செய்கிற கடத்துக்கு எடை அதிகம், நாதமும் தனி. அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

பாடிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். வர்ணத்தை இரண்டு காலத்திலும் பாடினாள். பேகடை ராகத்தை ஐந்தே நிமிடம் தொட்டாள். பிரதான ராகமாகப் பைரவியை எடுத்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பைரவி அவசரத்துக்கு உதவாது, மெல்ல மெல்லத்தான் ஏறும். அவள் மத்திம ஸ்தாயியிலேயே நின்று, நிஷாதத்தை ஆட்டி ஆட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள். மேல் ஷட்ஜத்துக்குப் போவாள் என்று எல்லாரும் காத்திருந்தோம். போகவில்லை. திரும்பக் கீழே இறங்கி, கேட்காத ஒரு பிடியைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போனாள். வயலின் பையன் அவள் பாடியதைத் திருப்பிச் சொல்லாமல், அவள் விட்ட இடத்திலிருந்து வேறு வழியில் ஏறினான். அவள் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். முதல் வரிசையிலிருந்து "பேஷ்" என்று ஒரு குரல் வந்தது. மாலையில் அது கூட்டத்தில் கரைந்துபோயிருக்கும். அங்கே அது நேராக மேடைக்குப் போனது.

பாட்டு மிஸ்ர சாபு தாளம். ஒரு சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை. தகிட தகதிமி, தகிட தகதிமி என்று தொடையில் போட்டுக்கொண்டே வந்தேன். ஸ்வரம் முடிந்து தனி விட்டாள். வழக்கம்போல நாலைந்து பேர் எழுந்தார்கள். பெரியவர் எழவில்லை. "என்னம்மா, தனி முடியறவரைக்கும் இருப்பேளா?" என்று கேட்டார். "அதுக்குத்தான் சார் வந்தேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, இரண்டு பேரும் தாளம் போட்டோம்.

மிருதங்கம் முதல் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, அடக்கியே வாசித்தது. கடம் அதைவிட அடக்கி, விரல் நுனியால் மட்டும். பிறகு ஏழுக்குள் ஐந்தை வைத்துக் கணக்கு ஓட ஆரம்பித்தது. கடக்காரர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்து, விலக்கி, கும்மென்று ஒரு அடி கொடுப்பார், அது மிருதங்கத்தின் தொப்பிக்குப் பதில் சொல்லும். குறைப்பில் நாலு, இரண்டு, ஒன்று என்று ஆவர்த்தனங்கள் சுருங்கிச் சுருங்கி, இரண்டு பேரும் சேர்ந்து மோரா என்கிற முடிப்பு. கடைசியில் கோர்வை என்கிற முத்தாய்ப்புக் கணக்கு மூன்று தரம் வந்து, பாட்டு தொடங்குகிற இடமான எடுப்பில் ஒரு இம்மி பிசகாமல் விழுந்தது. அந்தப் பெண் சரியாக அங்கே பல்லவியை எடுத்தாள். இவ்வளவுக்கும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முப்பது பேர் தட்டிய கைத்தட்டல் எவ்வளவு சத்தமாக இருக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இதைத்தான் நான் தரம் என்கிறேன். இதற்கு அனுமதி இலவசம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை ஒலி. மதியத்துக்கு ஒலிச்சோதனைக்கு நேரம் ஒதுக்குவதே அபூர்வம். ஒரு அரங்கத்தில், பெயர் வேண்டாம், தம்பூரா ரசிகர்களுக்குக் கேட்கவே இல்லை. மிருதங்கத்தின் மைக்கை மட்டும் ஏற்றி வைத்திருந்தார்கள். தொப்பி அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் இடித்தது, வயலின் எங்கோ தூரத்தில். பாடகர் இரண்டு தடவை கையால் சைகை காட்டினார். ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியின் முன்னால் ஆளே இல்லை. இதை நாங்கள் சிலர் எழுதிக் கொடுத்தோம். மறுநாள் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், சொல்கிற ரசிகர்கள்தான் குறைவு.

இரண்டாவது குறை எனக்கு நிஜமாகவே வலிக்கிற விஷயம். இன்னொரு அரங்கில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே, பிரதான உருப்படி முடியும் தறுவாயில், நிர்வாகி ஒருவர் மேடை ஓரத்தில் வந்து நின்றார். பொன்னாடை, புரவலர் பெயர்கள், வரவேற்புரை, அடுத்த நிகழ்ச்சி அறிவிப்பு. இதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் நேரத்திலிருந்தே போனது. தனி ஆவர்த்தனம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. கஞ்சிரா வாசிக்க வந்த பையன் தோலில் தண்ணீர் தடவித் தடவிச் சுருதி இறக்கிப் பதப்படுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சுற்று. அம்மாவும் அப்பாவும் வெளியூரிலிருந்து வந்து இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். பேச்சு வேண்டும் என்றால் இரண்டு கச்சேரிக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாமே. பக்கவாத்தியக்காரரின் நிமிடத்தை எடுத்து மாலை போடுவதில் என்ன மரியாதை இருக்கிறது?

இந்தப் புறக்கணிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. அகாடமியின் சங்கீத கலாநிதி விருது தாள வாத்தியக்காரர் ஒருவருக்கு முதன்முதலில் வந்ததே 1966-ல்தான், பாலக்காடு மணி ஐயருக்கு. வயலின் வாசிக்கும் பெண் ஒருவருக்கு அது வர 2016 ஆயிற்று, ஏ. கன்யாகுமரிக்கு. நாகஸ்வரமும் தவிலும் இன்றைக்கும் பல இடங்களில் தொடக்க நாள் 'மங்கள இசை'யோடு நின்றுவிடுகின்றன. விருந்தினர் வருவதற்குள் வாசித்து முடிக்க வேண்டிய வாசிப்பு. தவில் கேட்டு வளர்ந்த ஊர்ப்பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்தவள் நான். அந்த நேரத்தில் பாதி அரங்கம் காலியாக இருப்பதைப் பார்த்தால் பொறுக்காது. பட்டியலில் நாகஸ்வரம் இருந்தால் தயவுசெய்து முன்கூட்டியே போய் உட்காருங்கள். தோடி என்றால் என்ன என்று நாகஸ்வரத்தில் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அரங்கங்களைப் பற்றி. டி.டி.கே. சாலையில் அகாடமி பெரியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். மாலையில் டிக்கெட்டுக்குத் திண்டாடுகிற அதே அரங்கில் மதியம் மேடைக்கு அருகிலேயே நிம்மதியாகக் கேட்கலாம். காலையில் அங்கே விளக்கவுரையோடு கூடிய நிகழ்ச்சிகளும் உண்டு, அதற்கும் கட்டணம் இல்லை. என் ஷிப்டுக்கு ஒத்துவராது, வார விடுமுறை விழுந்தால் போய்விடுவேன். லஸ் அவென்யூவில் ராக சுதா அரங்கம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. சின்ன இடம், பாடகர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்கும். மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன் இன்னொரு நல்ல இடம், கபாலி கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே நடந்து போகலாம். வாணி மஹாலிலும் நாரத கான சபாவிலும் பெரிய அரங்கத்தோடு சின்ன அரங்கமும் இருக்கிறது. பட்டியலில் எந்த அரங்கம் என்று பார்த்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வேறு நிகழ்ச்சியில் போய் உட்காருவீர்கள். மயிலாப்பூர் அரங்கங்களுக்குத் திருமயிலை பறக்கும் ரயில் நிலையம்தான் வசதி. மெட்ரோ வேலையில் லஸ் பக்கம் போக்குவரத்து மாறிக்கொண்டே இருக்கிறது, ஆட்டோவில் வந்தால் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கே நடக்கிறது. தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டும் என்று போராடி உண்டாக்கிய இடம் அது. பண் எனப்படும் பழந்தமிழ் ராகங்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டமும் நடக்கும், ஓதுவார்கள் தேவாரத்தைப் பண்ணோடு பாடுவதைக் கேட்கலாம். சங்கீதத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இங்கிருந்து ஆரம்பிப்பது நல்லது. சொல் புரிந்துவிட்டால் ராகம் தானாக மனசில் உட்காரும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

கேன்டீன் பற்றி எழுதாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். இரண்டு மணிக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி, முடிந்து வெளியே வரும்போது சாயங்கால டிபன் சூடாகத் தயாராகியிருக்கும், மாலைக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. கீரை வடையும் காபியும் எனக்குப் போதும். மதிய இலைச் சாப்பாடு பிரமாதமாக இருக்கும், ஆனால் கச்சேரிக்கு முன்னால் அதைச் சாப்பிட்டால் ஆலாபனையில் கண் சொருகும். சாப்பிட மட்டும் சபாவுக்கு வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: வந்ததுதான் வந்தீர்கள், உள்ளே போய் ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் போங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது.

இலவசம் என்று சொன்னேன். கேட்கிற நமக்குத்தான் இலவசம். சபாக்கள் உறுப்பினர் சந்தாவிலும் புரவலர் பணத்திலும் ஓடுகின்றன. மதியம் பாடுகிறவருக்குக் கிடைக்கிற சன்மானம் பல இடங்களில் ஆட்டோ செலவோடு சரியாகிவிடும். மேடைக்காகப் பணம் கேட்கிற இடங்கள் உண்டு என்கிற பேச்சும் இசையுலகில் வெகு காலமாக இருக்கிறது. மிருதங்கத்துக்கு வலந்தலை தேய்ந்தால் மாற்ற வேண்டும், தோல் வாரை இழுத்துக் கட்ட வேண்டும். வயலின் தந்தி அடிக்கடி அறும். ஒரு பக்கவாத்தியக்காரர் சீசனுக்குத் தயாராவதற்கே கையிலிருந்து எவ்வளவோ போகும். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, சும்மா கேட்டுவிட்டு எழுந்து வர எனக்கு மனசு வரவில்லை.

அதனால் நான் செய்கிற சில காரியங்களைச் சொல்கிறேன். மதியம் கேட்டு மனசுக்குப் பிடித்தவர் அடுத்த வருடம் நாலு மணிக்கு வந்தால் டிக்கெட் வாங்கியே தீருவேன். அந்த நேரத்து டிக்கெட் மாலையைவிட மலிவாகத்தான் இருக்கும். நன்றாகப் பாடியவரைப் பற்றியும் நன்றாக வாசித்தவரைப் பற்றியும் சபா செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுவேன், பக்கவாத்தியக்காரர்களின் பெயரையும் சேர்த்து. அடுத்த வருடப் பட்டியல் போடும்போது அவர்கள் கையில் இருப்பது இந்த மாதிரி நாலு வார்த்தைகள்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கிருகப்பிரவேசம் என்றால் ரெக்கார்டு பாட்டு போட விடமாட்டேன். மதியம் கேட்ட ஒருவரைக் கூப்பிட்டு, பேசிய தொகையை அன்றைக்கே கையில் கொடுக்கச் சொல்வேன். ஹால் வாடகைக்கும் பூ அலங்காரத்துக்கும் செலவழிக்கிறவர்கள் ஒரு மணி நேரக் கச்சேரிக்குக் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை.

இதில் எதுவுமே முடியாதவர்களுக்கு ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகாதீர்கள். அவசரம் என்றால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் போகலாம். மேடையில் இருப்பவருக்கு முதுகு தெரிகிறது. முப்பது பேரில் ஆறு பேர் எழுந்தால் அது அரங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. போனில் படம் பிடிக்காதீர்கள், அதுவும் அவர்களைக் கேட்காமல் முழுப் பாட்டையும் வலையேற்றாதீர்கள். 2020-ல் கொரோனாவால் சபாக்கள் சேர்ந்து இணையத்தில் விழா நடத்தினார்கள். நானும் பணம் கட்டிப் பார்த்தேன். பாட்டு சுத்தமாகக் கேட்டது, ஒலி அரங்கத்தைவிடத் தெளிவு. ஆனால் கோர்வை முடிந்த இடத்தில் கைத்தட்டல் இல்லை, வாசித்தவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்ததற்குப் போனார். எதிரில் ஆள் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று அப்போது நன்றாகப் புரிந்தது.

சபா வாசலே ஏற மனம் வராதவர்களுக்கும் இடம் உண்டு. 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவில் பெசன்ட் நகர் கடற்கரை மீனவர் குப்பத்தில் கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் ஒரே மேடையில் நடந்தன. பொங்கலை ஒட்டி அரசு நடத்துகிற சங்கமம் விழாவில் பூங்காக்களிலும் திடல்களிலும் கிராமியக் கலைஞர்களைப் பார்க்கலாம். அதெல்லாம் தனியாக எழுத வேண்டியவை. அங்கே கேட்டுவிட்டு இங்கே வந்தால் தவிலும் மிருதங்கமும் சொந்தக்காரர்கள் என்று காது தானே சொல்லும்.

மதிப்பெண் கேட்டால், சங்கீதத்துக்குப் பத்துக்குப் பத்து தரத் தயங்கமாட்டேன். ஒலிக்கு ஐந்துதான், அதுவும் அரங்கத்தைப் பொறுத்தது. நேர நிர்வாகத்துக்கு இன்னும் குறைவு. அங்கே சபாக்கள் நிறையத் திருத்திக்கொள்ள வேண்டும்.

போக நினைக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. நவம்பர் கடைசியிலேயே பட்டியல்கள் வர ஆரம்பித்துவிடும், சபா வாசலிலும் ஒட்டியிருப்பார்கள். பிரதானக் கலைஞரின் பெயரை மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள். கீழே சின்ன எழுத்தில் வயலின், மிருதங்கம் தாண்டி மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தால் அது கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ. அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வார நாளாக இருந்தால் அரை நாள் லீவு போடுங்கள். மிருதங்கம் இருக்கிற பக்கமாக, மூன்றாவது வரிசைக்குள் உட்காருங்கள். தாளம் தெரியாவிட்டால் பக்கத்தில் போடுகிறவரைப் பார்த்துக் கூடவே போடுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். முடிந்ததும் மேடையருகே போய், கடம் வாசித்தவரிடம் நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.